டாலஸ் ஃபேர் பார்க் திடலும் டெக்சாஸ் பொருட்காட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில், நகர மையத்துக்குக் கிழக்கே சுமார் இரண்டு மைல் தொலைவில் ஃபேர் பார்க் திடல் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாத இறுதி வெள்ளிக்கிழமையன்று தொடங்கி 24 நாள்கள் அங்கே நடக்கும் ‘ஸ்டேட் ஃபேர் ஆஃப் டெக்சாஸ்’ பொருட்காட்சிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். இவ்வட்டாரத்துக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களும், ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர்களும் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன.

ஃபேர் பார்க், ஸ்டேட் ஃபேர் இரண்டும் ஒன்றுதானே?

அல்ல. ஃபேர் பார்க் என்பது 277 ஏக்கர் பரப்புள்ள திடல். அது டாலஸ் மாநகராட்சியின் சொத்து. ஸ்டேட் ஃபேர் என்பது அத்திடலை மாநகராட்சியிடமிருந்து ஒப்பந்தத்தின்பேரில் பெற்று, இலையுதிர் காலத்தில் பொருட்காட்சி நடத்துகிற லாப நோக்கற்ற தனியார் அமைப்பு. பெயரில் ‘ஸ்டேட்’ என்று இருப்பதால் மாநில அரசின் ஏதோ ஒரு துறை இதை நடத்துவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் வேறு பல மாநிலங்களில் அரசுத் துறையோ அரசு நியமித்த வாரியமோ நடத்துவது உண்மைதான், இங்கே அப்படியில்லை. நிலம் ஒருவருடையது, விழா இன்னொருவருடையது, பெயர் மூன்றாமவருடையது. இத்திடலின் வரலாற்றில் விளங்காமல் நிற்கும் செய்திகளில் பாதி, இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துப் படித்தால் விளங்கிவிடும்.

இந்த விசித்திரமான ஏற்பாடு எப்படி வந்தது?

சண்டையில் தொடங்கிக் கடனில் முடிந்தது என்று சொல்லலாம். 1886 ஜனவரியில் டாலஸ் வணிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு பொருட்காட்சிச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். எந்த இடத்தில் நடத்துவது என்பதில் உடனே பிளவு ஏற்பட்டது. வங்கியாளர் வில்லியம் கேஸ்டன் முதலானோர் நகரின் கிழக்கே 80 ஏக்கர் நிலத்தைத் தேர்ந்தார்கள். வேளாண் கருவி வியாபாரிகளோ அது சேறும் பள்ளமுமான நிலம் என்று சொல்லிப் பிரிந்துபோய், நகரின் வடக்கே தனியாக ஒரு பொருட்காட்சியை அறிவித்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில், ஒரே நகரில், ஒரே வாரத்தில் இரண்டு பொருட்காட்சிகள் நடந்தன. இரண்டுக்கும் கூட்டம் வந்தது; இரண்டும் கடனில் மூழ்கின. மறு ஆண்டே இரு தரப்பும் ஒன்றாகிக் கிழக்குத் திடலில் நிலைகொண்டன.

அதன் பிறகும் வருவாயில் பெரும்பங்கு குதிரைப் பந்தயத்திலிருந்தே வந்தது. தீவிபத்தும், 1900-ல் பார்வையாளர் மேடை சரிந்ததும், முதன்மைக் கட்டடம் எரிந்துபோனதும் சங்கத்தை ஏற்கெனவே தளர்த்தியிருந்த வேளையில், 1903-ல் மாநிலச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைத் தடை செய்தது. வேறு வழியில்லாமல் 1904-ல் சங்கம் நிலத்தை டாலஸ் மாநகராட்சிக்கு விற்றது. விற்கும்போதே, ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் பொருட்காட்சி நடத்தத் திடலைத் தரவேண்டும் என்ற ஏற்பாட்டையும் செய்துகொண்டது. ‘ஸ்டேட் ஃபேர் ஆஃப் டெக்சாஸ்’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். நிலத்தை விற்றும் விழாவைக் கைவிடாத அந்த ஒப்பந்தத்தின் நிழலில்தான் இன்றும் எல்லாம் நடக்கிறது.

எந்தெந்த ஆண்டுகளில் பொருட்காட்சி நடக்கவில்லை?

முதல் உலகப்போரின்போது, 1918-ல், திடல் இராணுவ விமானப் பயிற்சியாளர்களின் முகாமாக மாறியதால் நடக்கவில்லை. 1935-ல் அடுத்த ஆண்டின் நூற்றாண்டுக் கண்காட்சிக்கான ஆயத்தத்தால் நடக்கவில்லை; 1936, 1937 ஆண்டுகளில் பொருட்காட்சியைவிடப் பெரிய கண்காட்சிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் உலகப்போரால் 1942 முதல் 1945 வரையிலும், கொரோனாவால் 2020-லும் நிறுத்தப்பட்டது. 2020-ல் மட்டும், காரை விட்டு இறங்காமலே உணவு வாங்கிக்கொண்டு போகும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள்.

1936 கண்காட்சியைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருந்தது?

இன்று திடலில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஓராண்டின் கொடை. மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் 1836-ல் விடுதலையை அறிவித்தது. அதன் நூற்றாண்டைக் கொண்டாட மையக் கண்காட்சி ஒன்று வேண்டும் என்று முடிவானதும், நகரங்களிடையே போட்டி மூண்டது. விடுதலைப் போரில் புகழ்பெற்ற ஆலமோ கோட்டையே தன்னிடம் இருக்கிறது என்றது சான் அன்டோனியோ. விடுதலைப் போரின் முடிவுச் சமர் நடந்த களம் தன் அருகிலேயே உள்ளது என்றது ஹியூஸ்டன். டாலஸுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1836-ல் டாலஸ் என்ற ஊரே கிடையாது, அது 1841-ல் குடியேறியவர்களால் உருவானது. ஆனால் டாலஸிடம் வங்கியாளர்கள் இருந்தார்கள். ஆர். எல். தார்ன்டன் என்ற வங்கியாளர் முன்னின்று, ஏறத்தாழ 78 லட்சம் டாலர் தருவதாக நகரின் சார்பில் வாக்களித்ததும் வாய்ப்பு டாலஸுக்கே போனது. சான் அன்டோனியோக்காரர்கள் இதை இன்னும் முழுமையாக மன்னித்ததாகத் தெரியவில்லை.

பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டால் தலைமையில், பால் கிரே என்பாரின் ஆலோசனையுடன், ஓராண்டுக்கும் குறைவான காலத்தில் ஏறத்தாழ 50 கட்டடங்கள் எழுந்தன. சில பழைய கட்டடங்களுக்குப் புதிய முகப்பு வைக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 2.5 கோடி டாலர். 1936 ஜூன் 6 அன்று திறந்து நவம்பர் இறுதி வரை நடந்த கண்காட்சிக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் ஜூன் மாதத்தில் வந்தார்.

நுழைந்ததும் தெரிகிற நீண்ட நீர்த்தடாகத்தின் இருபுறமும் ஆறு பெண் சிலைகள் நிற்கின்றன. டெக்சாஸை ஆண்ட ஆறு கொடிகளான ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு, அமெரிக்கக் கூட்டரசு, உள்நாட்டுப் போர்க்காலத்துத் தென்மாநிலக் கூட்டமைப்பு ஆகியவற்றை அவை குறிக்கின்றன. மூன்றைச் செதுக்கியவர் ராவுல் ஜோசே, மூன்றைச் செதுக்கியவர் லாரன்ஸ் ஸ்டீவன்ஸ். தடாகத்தின் கோடியில் மாநில அரசின் பணத்தில் கட்டப்பட்ட ‘ஹால் ஆஃப் ஸ்டேட்’ மண்டபம். அதன் வாயிலுக்கு மேலே வில்லேந்தி நிற்கும் பொன்முலாம் பூசிய பழங்குடி வீரனின் சிலை அல்லி டெனன்ட் என்ற பெண் சிற்பியின் கைவண்ணம். ராட்டினத்துக்கு ஓடும் அவசரத்தில் இந்த மண்டபத்தைத் தவறவிடுபவர்களே அதிகம். என்னைக் கேட்டால், பொருட்காட்சி இல்லாத ஒரு நாளில், கூட்டமில்லாத காலைப்பொழுதில் தனியாகப் போய்ப் பார்க்கவேண்டிய இடம் இது.

சுவர்களில் இருந்த ஓவியங்கள் பல, பிற்காலத்தில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தே மீட்கப்பட்டன. நூற்றாண்டுக் கண்காட்சியின் கட்டடத் தொகுதி என்பதற்காகவே 1986-ல் ஃபேர் பார்க் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கறுப்பின மக்களுக்கும் இத்திடலுக்கும் கசப்பான வரலாறு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துபோவது நேர்மையாகாது. தொடக்க காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னர் அதுவும் நின்றது. 1923 அக்டோபர் 24 அன்று பொருட்காட்சியில் வெள்ளை இனவெறி இயக்கமான கூ க்ளக்ஸ் கிளானுக்கென்றே ஒரு நாள் கொண்டாடப்பட்டது. டாலஸில் பல் மருத்துவராக இருந்து அவ்வியக்கத்தின் தேசியத் தலைவரான ஹைரம் எவன்ஸ் அன்று உரையாற்றினார்.

1936 கண்காட்சியில் கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டும் மண்டபம் ஒன்று வேண்டும் என்று ஏ. மேசியோ ஸ்மித் உள்ளிட்டோர் கேட்டபோது, மாநிலம் பணம் தரவில்லை. ஒன்றிய அரசு கொடுத்த ஒரு லட்சம் டாலரில் ‘ஹால் ஆஃப் நீக்ரோ லைஃப்’ மண்டபம் எழுந்து, டெக்சாஸில் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி எட்டிய நாளான ஜூன் 19 அன்று திறக்கப்பட்டது. ஆரன் டக்ளஸ் தீட்டிய நான்கு பெரிய ஓவியங்கள் அதில் இருந்தன. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். ஆனால் 1937-ல் அடுத்த கண்காட்சி தொடங்குவதற்குள் அந்த மண்டபம் இடிக்கப்பட்டுவிட்டது. பக்கத்துக் கட்டடங்களெல்லாம் நின்றன. டக்ளஸின் ஓவியங்களில் இரண்டு மட்டுமே இன்று எஞ்சியுள்ளன, அவையும் டாலஸில் இல்லை: ஒன்று வாஷிங்டனில், மற்றொன்று சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது.

தனி நாள் முறை 1936-க்குப் பின் மீண்டும் வந்தது. 1950-களில் எல்லா நாள்களிலும் நுழைய அனுமதி கிடைத்த பிறகும், சில ராட்டினங்களிலும் உணவகங்களிலும் கறுப்பின மக்களை அனுமதிக்கவில்லை. 1955-ல் ஹுவனிட்டா கிராஃப்ட் அம்மையாரின் வழிகாட்டலில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் இளைஞர் மன்றப் பிள்ளைகள் வாயிலில் நின்று மறியல் செய்தார்கள். பாகுபாடு முற்றாக நீங்க 1960-கள் ஆகவேண்டியிருந்தது.

சுற்றிலும் இவ்வளவு பெரிய வாகன நிறுத்தத் தரைகள் ஏன்?

மேற்சொன்ன வரலாற்றின் தொடர்ச்சிதான் அது. 1960-களின் பிற்பகுதியில், திடலின் எதிர்காலம் குறித்து வல்லுநர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பக்கத்துத் தெருக்களின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்புகளைக் கண்டு வெள்ளைப் பார்வையாளர்கள் தயங்குகிறார்கள் என்றும், அந்நிலத்தை வாங்கி அவர்கள் கண்ணில் படாமல் செய்வதே தீர்வு என்றும் அந்த அறிக்கை கூறியது. பொதுப்பயனுக்கென நிலம் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி மாநகராட்சி நூற்றுக்கணக்கான வீடுகளை எடுத்தது. தங்களுக்குக் குறைந்த விலையே தரப்படுவதாகச் சொன்ன வீட்டுக்காரர்கள், 1970 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த, காட்டன் பௌல் என்ற கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தையொட்டிய ஊர்வலத்தை மறிப்போம் என்று எச்சரித்த பிறகே மேயர் அவர்களோடு பேசினார். ஆனாலும் வீடுகள் போய்விட்டன. அங்கே போடப்பட்ட தார்த்தரை ஆண்டில் பெரும்பாலான நாள்கள் காலியாகவே கிடக்கிறது. அதில் ஒரு பகுதியை மக்களுக்கான பூங்காவாக மாற்றவேண்டும் என்ற கோரிக்கை வெறும் அழகுபடுத்தும் திட்டம் அல்ல, அப்பகுதியினர் அதைத் திருப்பித் தரவேண்டிய கடனாகவே பார்க்கிறார்கள்.

பிக் டெக்ஸ் யார்?

பொருட்காட்சிக்கு வருவோரை வரவேற்கும் ராட்சத மாடுமேய்ப்பர் பொம்மைதான் பிக் டெக்ஸ். ஆனால் முதலில் அவர் கிறிஸ்துமஸ் தாத்தா. கெரன்ஸ் என்ற சிற்றூரின் வணிகர்கள் 1949-ல் வியாபாரத்தைப் பெருக்க 49 அடி உயரச் சாண்டா கிளாஸ் உருவத்தைச் செய்து நிறுத்தினார்கள். மோகம் தணிந்ததும் விற்க வந்தபோது, பொருட்காட்சியின் தலைவராக இருந்த அதே தார்ன்டன் 750 டாலருக்கு வாங்கினார். முகத்தைத் திருத்தி, மாடுமேய்ப்பர் உடையும் தொப்பியும் அணிவித்து, 52 அடி உயரத்தில் 1952-ல் நிறுத்தினார்கள். மறு ஆண்டு முதல் வாய் அசைத்துப் பேசத் தொடங்கினார். ‘ஹவுடி, ஃபோக்ஸ்!’ என்ற அவருடைய இழுவையான வரவேற்புக் குரல் திடலெங்கும் கேட்கும். 2012 அக்டோபர் 19 அன்று மின்கோளாறால் தீப்பிடித்துச் சில நிமிடங்களில் இரும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. 2013-ல் 55 அடி உயரத்தில் புதியவர் வந்தார். கூட்டத்தில் பிரிந்தால் இவர் காலடியில் வந்து நில்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது உள்ளூர் வழக்கம், நீங்களும் செய்யலாம்.

காட்டன் பௌல் விளையாட்டரங்கில் இப்போது என்ன நடக்கிறது?

1930-ல் 46,000 பேருக்கான அரங்காகக் கட்டப்பட்டு, 1936-ல் இப்பெயரைப் பெற்றது. டாலஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக (எஸ்எம்யூ) வீரர் டோக் வாக்கரைப் பார்க்கக் கூடிய கூட்டத்துக்கு இடம் போதாமல் 1940-களின் இறுதியில் மேலடுக்குகள் எழுப்பப்பட்டன. இன்று சுமார் 90,000 பேர் அமரலாம். டாலஸ் கௌபாய்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி 1960 முதல் 1971 வரை இங்கேதான் ஆடியது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தின் ஆறு ஆட்டங்கள் இங்கே நடந்தன. நெதர்லாந்தைப் பிரேசில் 3-2 என்று வென்ற காலிறுதியும் அவற்றில் ஒன்று. ஆனால் அரங்கின் பெயரையே தாங்கிய காட்டன் பௌல் ஆட்டம் 2010-ல் ஆர்லிங்டனின் புதிய அரங்குக்குப் போய்விட்டது.

எஞ்சியிருக்கும் பெரிய நிகழ்வு, பொருட்காட்சியின் நடுவே அக்டோபரில் வரும் டெக்சாஸ் – ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்டம். அரங்கின் சரிபாதி ஒரு நிறத்திலும் மறுபாதி இன்னொரு நிறத்திலும் நிறைந்திருக்கும். அமெரிக்கக் கால்பந்தில் ஆர்வமில்லாத குடும்பங்கள் அந்தச் சனிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

ஆடு மாடுகளைப் பார்க்க இவ்வளவு கூட்டமா?

பொருட்காட்சியின் மூல நோக்கமே அதுதான். மாநிலமெங்கும் உள்ள பள்ளிப் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த கன்று, ஆடு, பன்றி ஆகியவற்றைக் கொண்டுவந்து போட்டியில் நிறுத்துகிறார்கள். பரிசு பெற்றவை ஏலத்தில் சந்தை விலையைவிட மிக உயர்ந்த விலைக்குப் போகும். வாங்கும் நிறுவனங்கள் மாட்டுக்காக அல்ல, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காகவே அவ்வளவு கொடுக்கின்றன. மாட்டுக்கொட்டகையில் இரவு படுத்துறங்கும் பிள்ளைகளையும், குளிர்பெட்டிக்குள் ஆண்டுக்கு ஒரு கருப்பொருளில் வெண்ணெயால் செய்த சிற்பத்தையும் பார்க்காமல் திரும்பினால், வெறும் ராட்டினத் திடலுக்குப் போய் வந்ததாகத்தான் பொருள்.

எல்லாவற்றையும் எண்ணெயில் பொரிக்கிறார்களாமே?

ஆம், அதில் அவர்களுக்கு வெட்கமில்லை. சோளமாவில் தோய்த்த தொத்திறைச்சியைக் குச்சியில் கோத்துப் பொரிக்கும் கார்னி டாக்கை, நாடகமேடைக் கலைஞர்களாக இருந்த நீல், கார்ல் ஃபிளெட்சர் சகோதரர்கள் 1938-க்கும் 1942-க்கும் இடையில் இங்கே விற்கத் தொடங்கினார்கள். அதைக் கண்டுபிடித்தது நாங்களே என்று வேறு ஊர்க்காரர்களும் வாதாடுவதுண்டு. 2005 முதல் புதுமை உணவுக்கென்று ‘பிக் டெக்ஸ் சாய்ஸ்’ விருதுகள் தருகிறார்கள்: 2006-ல் பொரித்த கோகோ கோலா, 2009-ல் பொரித்த வெண்ணெய், 2010-ல் பொரித்த பீர். கோலாவைப் பொரிப்பது எப்படி என்று கேட்டால், கோலா கலந்த மாவைப் பொரித்து மேலே கோலாப் பாகை ஊற்றுகிறார்கள்.

சைவ உணவு உண்பவர்களுக்குச் சுட்ட சோளம், உருளைக்கிழங்கு வறுவல், இனிப்பு வகைகள் கிடைக்கும். இறைச்சி பொரித்த எண்ணெயிலேயே மற்றவற்றையும் பொரிக்கிறார்களா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ராட்டினங்கள் யாருடையவை? காசு கொடுக்காமல் ஏன் கூப்பன்?

பெரும்பாலான மாநிலப் பொருட்காட்சிகளில் ஊர் ஊராகச் செல்லும் ஒரே கேளிக்கை நிறுவனம் எல்லா ராட்டினங்களையும் கொண்டுவந்து நிறுத்தும். இங்கே அமைப்பு ஒவ்வொரு ராட்டின உரிமையாளரோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்கிறது. விற்பனையில் அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால், பணம் கடைக்காரர் கைக்கு நேராகப் போகாமல் கணக்கில் வருவதற்கே கூப்பன் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அமைப்புக்கு மிஞ்சும் பணம் பங்குதாரர்களுக்குப் போவதில்லை. திடலின் மேம்பாட்டுக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் செல்கிறது.

1985-ல் வந்த 212 அடி உயர ‘டெக்சாஸ் ஸ்டார்’ ராட்சத ராட்டினம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வட அமெரிக்காவிலேயே உயரமானதாக இருந்தது. 1979-ல் கம்பித்தடத்தில் ஓடிய தொங்கு பெட்டிகள் விழுந்து ஒருவர் உயிரிழந்த விபத்தும் இத்திடலின் வரலாற்றில் உண்டு.

துப்பாக்கி வழக்கு என்கிறார்களே, அது என்ன?

2023 அக்டோபரில் பொருட்காட்சியின் உணவுப் பகுதியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் காயமடைந்தார்கள். அதுவரை உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியோடு வர அனுமதி இருந்தது. 2024-ல் காவல்துறையினர் தவிர யாரும் கொண்டுவரக் கூடாது என்று அமைப்பு விதித்தது. அரசுக்குச் சொந்தமான இடங்களில் அரசு அமைப்புகள் அப்படித் தடை போட டெக்சாஸ் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. திடல் மாநகராட்சியுடையது, ஆகவே தடை செல்லாது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பேக்ஸ்டன் வழக்குத் தொடுத்தார். தடை போட்டது நாங்கள், நாங்கள் தனியார் என்றது அமைப்பு. மாநில உச்ச நீதிமன்றம் அவசரமாகத் தலையிட மறுத்துவிட்டதால் அவ்வாண்டு தடை நீடித்தது. 1904-ல் கையெழுத்தான ஏற்பாடு, 120 ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றத்தில் வாதப்பொருளானது.

மற்ற பதினொரு மாதங்களில் திடல் என்ன ஆகிறது?

இதற்குத்தான் டாலஸ் நகரம் பல பத்தாண்டுகளாக விடை தேடுகிறது. 1925-ல் கட்டிய இசையரங்கில் நாடகங்கள் நடக்கின்றன; 1988-ல் திறந்த திறந்தவெளி அரங்கில் கச்சேரிகள் நடக்கின்றன; ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் 1993 முதல் இங்கே இருக்கிறது. ஆனால் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் முதன்மைப் பகுதி நகர மையத்துக்கும், ரயில் அருங்காட்சியகம் ஃபிரிஸ்கோவுக்கும் போய்விட்டன. பெண்கள் அருங்காட்சியகம் 2011-ல் மூடப்பட்டது. பொருட்காட்சிக்கான ஆயத்தமும் பிரிப்பும் சேர்ந்தால் ஆண்டில் சில மாதங்கள் வேறு யாரும் திடலை முழுமையாகப் பயன்படுத்த முடியாது என்பது ஒரு காரணம்; 1936-ல் அவசரமாகக் கட்டியவற்றைப் பராமரிக்கும் செலவு இன்னொன்று.

2018-ல் நிர்வாகத்தை ஒரு லாப நோக்கற்ற அமைப்பிடமும் அதன் ஒப்பந்த நிறுவனத்திடமும் மாநகராட்சி ஒப்படைத்தது. 2025-ல் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு மீண்டும் தானே பொறுப்பேற்றது. இடையில், 2022 நவம்பரில், விடுதி வரியை இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தி, அதில் ஒரு பங்கை இக்கட்டடங்களின் சீரமைப்புக்குத் தர வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

காரில் போனால் நிறுத்தக் கட்டணமும் நெரிசலும் உண்டு. 2009 முதல் டாலஸ் வட்டாரப் பொதுப்போக்குவரத்தான டார்ட் ரயிலின் பச்சை வழித்தடம் திடலின் வாசலுக்கே வருகிறது. ‘ஃபேர் பார்க்’ நிலையத்தில் இறங்கினால் நேர் எதிரே நீர்த்தடாகமும் அதன் கோடியில் ஹால் ஆஃப் ஸ்டேட் மண்டபமும் தெரியும். 1936-ல் வந்தவர்கள் முதலில் பார்த்த காட்சியும் ஏறத்தாழ அதுவே.